கண்ணோட்டமும் நடுவுநிலையும்: தொலைக்காட்சித் துப்பறியும் நாடகங்களிற் பெண்பாத்திரங்கள் குறித்த ஓர் அறவியல் நோக்கு

நீதி வழங்குவோன் தன் எதிரே நிற்பவரின் முகத்தை நோக்கலாமா என்பது அறவியலின் மிகப் பழைய வினாக்களுள் ஒன்றாகும். மேலைத்தேயக் கலைஞர் 16ஆம் நூற்றாண்டு முதலாக நீதித் தேவதையின் கண்களைத் துணியாற் கட்டிக் காட்டலாயினர். முகத்தைக் காண்பவன் இரங்குவான். இரங்குபவன் ஒருபாற் சாய்வான். ஆதலின் காணாமையே நடுவுநிலைக்குக் காப்பு என்பது அவ்வுருவம் உணர்த்த வந்த கருத்து. ஆயின் இதற்கு மறுதலையான வாதமும் வலிமை குன்றியதன்று. முகத்தைக் காணாதவன் உண்மையை எங்ஙனம் காண்பான்? குற்றமும் துன்பமும் தனித்தனி மனிதருக்கு நேர்வன. அம்மனிதரை நோக்காது வழங்கப்படும் நீதி, கணக்கேட்டில் எண்களைச் சரிபார்க்கும் செயலாகவே முடியும்.

வள்ளுவர் இவ்விரு நிலைகளையும் ஒரே சொல்லின் வழியாக எதிரெதிரே நிறுத்தியிருத்தல் கூர்ந்து நோக்கற்பாலது. செங்கோன்மை அதிகாரத்தின் தொடக்கத்திலேயே, குற்றத்தை ஆராயும் வேந்தன் எவரிடத்தும் கண்ணோடாதிருத்தல் வேண்டும் என்கிறார். மூன்று அதிகாரங்கள் கடந்ததும் கண்ணோட்டம் என்பதையே ஓர் அதிகாரத்தின் பொருளாக்கி, அஃது இல்லாத கண்ணைக் கண்ணென்றே கொள்ளலாகாது என்னும் அளவிற்குப் போற்றுகிறார். பழகியவரைக் கண்டவிடத்து அவர் வேண்டுவதை மறுக்க இயலாதிருக்கும் தன்மையே கண்ணோட்டம் என்ற கருத்துப்படப் பரிமேலழகர் விளக்குவார். அங்ஙனமாயின் ஆராய்வோன் கண்ணோட வேண்டுமா, கண்ணோடாதிருக்க வேண்டுமா? ஒரிடத்துக் குற்றமாயது பிறிதோரிடத்துக் குணமாவது எவ்வாறு?

இவ்வினா நூலோரின் ஏடுகளில் மட்டும் வாழ்வதன்று. கடந்த அரை நூற்றாண்டாக, பெருந்தொகையான மக்கள் மாலை நேரங்களிற் கண்டுகளிக்கும் தொலைக்காட்சிக் குற்றவியல் நாடகங்களிலும் இஃது இடையறாது எழுப்பப்பட்டு வந்துள்ளது. சிறப்பாக, துப்பறியும் அதிகாரியின் இருக்கையிற் பெண்ணொருத்தி அமர்த்தப்பட்ட நாடகங்களில் இவ்வினா கூர்மை பெறுகின்றது. இதற்குக் காரணம் வெளிப்படை. இரக்கம் பெண்ணின் இயல்பு, நடுவுநிலை ஆணின் இயல்பு எனச் சமுதாயம் நெடுங்காலமாகப் பங்கிட்டு வைத்துள்ளது. அப்பங்கீட்டின்படி பெண், தாயாகலாம், தாதியாகலாம். ஆனால் ஆராய்ந்து குற்றஞ்சாட்டுவோளாதல் அவளியல்புக்கு ஒவ்வாது. அவ்வாறு கருதப்பட்டவள் அப்பணியை ஏற்கும்போது, பணி மாறுகின்றதா, அவள் மாறுகின்றாளா, அன்றிப் பங்கீடுதான் பொய்யாகின்றதா என்பதே பொருளாகின்றது.

பொலிஸ் சேவையின் வரலாறே இப்பங்கீட்டுக்குச் சான்று பகரும். பிரித்தானியாவிற் கைதுசெய்யும் அதிகாரம் பெற்ற முதற் பெண் அலுவலராக எடித் ஸ்மித் 1915 இல் கிரந்தம் நகரில் நியமனம் பெற்றார். எனினும் அதன் பின்னரும் நெடுங்காலம் பெண் அலுவலர்க்கெனப் பெரிதும் ஒதுக்கப்பட்டவை, பெண்களும் சிறாரும் சம்பந்தப்பட்ட அலுவல்களே. இலண்டன் மாநகரப் பொலிசிற் பெண்களுக்கெனத் தனியாக இருந்த பிரிவு 1973 இலேயே பொதுச்சேவையுடன் இணைக்கப்பட்டது. தொலைக்காட்சியும் இவ்வழியே நடந்தது. அமெரிக்காவில் 1974 முதல் 1978 வரை ஒளிபரப்பாகிய 'பொலிஸ் வுமன்' என்னுந் தொடரில் அஞ்சி டிக்கின்சன் ஏற்ற பாத்திரம், மாறுவேடம் பூண்டு குற்றவாளிகளை நெருங்குதலையே பலகாலும் தொழிலாகக் கொண்டிருந்தது. அங்கே பெண் பிறரை ஆராய்பவள் என்பதினும் பிறரால் நோக்கப்படுபவளாகவே விளங்கினாள். 1980 இற் பிரித்தானியாவில் 'த ஜென்ரில் ரச்', 'ஜூலியற் பிறாவோ' என்னும் இரு தொடர்கள் பெண்ணதிகாரியை நடுநாயகமாக்கின. 1982 முதல் 1988 வரை அமெரிக்காவில் வெளிவந்த 'கக்னி அன்ட் லேசி', இரு பெண் துப்பறிவாளரின் நட்பையும் தொழிலையும் ஒருங்கே சித்திரித்தது. முதற் பருவத்தின் பின்னர் கக்னியாக நடித்தவரை ஒளிபரப்பு நிறுவனம் மாற்றியது. பாத்திரங்கள் பெண்மைக்குப் பொருந்தாத கடுமையுடையன என்ற எண்ணமே அதற்குக் காரணமாயிற்று. 1983 இல் நிறுத்தப்பட்ட அத்தொடர், பார்வையாளர் எழுதிய கடிதங்களின் வலிமையால் 1984 இல் மீண்டும் உயிர்பெற்றமை, பங்கீட்டை ஏற்காதோரும் பலர் இருந்தனர் என்பதற்குச் சான்றாகும்.

அதே 1982ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியலாளர் கரோல் கில்லிகன், ஒழுக்க வளர்ச்சி பற்றிய தமது புகழ்பெற்ற நூலை வெளியிட்டார். லோறன்ஸ் கோல்பேர்க் ஒழுக்க வளர்ச்சியைப் படிநிலைகளாக வகுத்து, பொதுவிதிகளையும் உரிமைகளையும் கொண்டு தீர்ப்பளிக்கும் ஆற்றலை அவற்றின் உச்சியில் வைத்திருந்தார். அவர் தம் அடிப்படை ஆய்வுக்கு ஆண்பிள்ளைகளையே எடுத்துக்கொண்டார் என்பதைச் சுட்டிய கில்லிகன், உறவுகளையும் பொறுப்பையும் முதன்மைப்படுத்தும் வேறொரு குரலும் உண்டென்றும், அது பெரும்பாலும் பெண்களிடத்துக் கேட்கப்படுவதென்றும், அக்குரலைத் தாழ்ந்த படிநிலையென ஒதுக்குதல் தவறென்றும் வாதித்தார். மிக இன்றியமையாத திருத்தம் இது. எனினும் அதனைப் பயின்றோர் பலர், 'ஆணுக்கு நீதி, பெண்ணுக்குப் பரிவு' என்ற பழைய பங்கீட்டையே புதிய மொழியில் மீட்டுக் கூறலாயினர். கில்லிகனே தாம் சுட்டிய குரல் பாலினால் அன்றிப் பொருளினாலேயே வேறுபடுவது எனத் தெளிவுபடுத்தியிருந்தும், அத்தெளிவு பலருக்கு எட்டவில்லை. துப்பறியும் நாடகங்களுட் சிறந்தவற்றை உற்றுநோக்கின், அவை இப்பங்கீட்டை ஏற்காதது மட்டுமன்றி, அதனைத் தலைகீழாக்கியும் காட்டுகின்றன எனலாம்.

இவ்வகையில் முதலில் எடுத்துக்கொள்ளத்தக்கது 'பிறைம் சஸ்பெக்ற்'. லிண்டா லா பிளான்ற் எழுத, கிரனாடா நிறுவனம் தயாரித்து 1991 இல் ஒளிபரப்பாகிய இந்நாடகத்தில் ஹெலன் மிரன் பிரதம துப்பறியும் பரிசோதகரான ஜேன் ரெனிசனாகத் தோன்றினார். ஜாக்கி மோல்ற்றன் என்னும் பெண் அதிகாரியின் தொழிலனுபவங்கள் அப்பாத்திரப் படைப்புக்குத் துணைநின்றன. கதை இது: இளம்பெண்ணொருத்தி கொலையுண்டு கிடக்கிறாள். அவள் டெலா மோர்னே என்னும் பாலியற்றொழிலாளி எனக் கொண்டு ஷெபேட் என்னும் அதிகாரி விசாரணையை விரைந்து நடத்துகின்றான். இடையிலே மாரடைப்பால் இறக்கின்றான். தகுதியிருந்தும் கொலை விசாரணை எதுவும் ஒப்படைக்கப்படாது ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த ரெனிசன், அவ்விடத்தை வலிந்து கேட்டுப் பெறுகிறாள். பெற்றதும் அவள் கண்டறியும் முதலுண்மை, இறந்தவள் டெலா அல்லள் என்பதே. அவள் கரன் ஹவாட் என்னும் வேறொரு பெண். டெலாவின் உடல் பின்னர் பிறிதோரிடத்தில் கண்டெடுக்கப்படுகின்றது.

இத்தவறு எவ்வாறு நேர்ந்தது என்பதிலேயே நாடகத்தின் அறக்கருத்து அடங்கியுள்ளது. இறந்தவள் 'இன்ன வகையினள்' என்று முடிவுகட்டப்பட்டதும் அவளது முகத்தை ஊன்றி நோக்கும் தேவை எவருக்கும் எழவில்லை. வகை தெரிந்தபின் ஆள் யாரென்பது பொருட்டாகவில்லை. பரிவின்மை இங்கே தகவற் பிழையாக விளைகின்றது. பரிவு உண்மையைத் திரிக்கும் என்பது நீதித் தேவதையின் கண்ணைக் கட்டியோர் அஞ்சிய அச்சம். பரிவு இல்லாவிடின் உண்மை தோன்றவே மாட்டாது என்பது இந்நாடகம் காட்டும் மறுபக்கம்.

ஆயினும் அது பரிவைப் பெண்ணின் உடைமையாக்கவில்லை. ஷெபேட்டின் கீழ்ப் பணிபுரிந்த ஒற்லி, இறந்த தன் நண்பனின் பெயர் கெடாதிருக்கவென, அவனுக்கும் டெலாவுக்கும் இருந்த தொடர்பை மறைக்க முயல்கின்றான். இறந்த நண்பனிடத்து விசுவாசம், குழுவினரிடத்து ஒட்டுறவு, பழகியவனை விட்டுக்கொடாமை ஆகியவற்றின் பொருட்டு உண்மை புதைக்கப்படுகின்றது. பரிமேலழகர் விளக்கிய பொருளிற் கண்ணோடுபவன் இங்கே ஆண்மகனாகிய ஒற்லியே. எவர்க்கும் சாயாது சான்றின் வழியே செல்பவள் பெண்ணாகிய ரெனிசன். உறவுக்காக விதியைத் தளர்த்துவது பெண்மையின் பலவீனம் என்று கூறிவந்த நிறுவனம், தனக்குள்ளே ஆண்களின் உறவுக்காக விதியைத் தளர்த்தியே இயங்கி வந்துள்ளது. அதற்கு இரக்கம் என்ற பெயரிடாது, தோழமை என்று பெயரிட்டிருந்தது. அவ்வளவே வேறுபாடு.

எனவே கண்ணோட்டம் என்ற ஒரு சொல்லுள் இருவேறு பண்புகள் உறைகின்றன எனல் தகும். ஒன்று, நமக்கு வேண்டியவர் என்பதற்காகச் சாய்தல். மற்றையது, எவராயினும் அவரை அவராகக் காணும் பொருட்டு ஊன்றி நோக்குதல். இவ்விரண்டாவது பண்பை அறவியலின் நடுவே கொண்டுவந்தவர் பிரித்தானியத் தத்துவ ஆசிரியரும் நாவலாசிரியருமான ஐறிஸ் மேடொக். 1970 இல் வெளிவந்த நூலொன்றில் அவர், மாமியார் ஒருவர் தம் மருமகளை நோக்கும் நோக்கை எடுத்துக்காட்டாகத் தருகிறார். மருமகளைப் பண்பற்றவளென முதலில் எண்ணிய மாமியார், தம் எண்ணத்திலே பொறாமையும் பழமைப்பற்றும் கலந்திருக்கலாமென ஐயுற்று, மீண்டும் மீண்டும் நோக்குகிறார். படிப்படியாக மருமகளின் உண்மையியல்பு அவருக்குப் புலனாகின்றது. புறத்தே அவர் நடத்தையில் எம்மாற்றமும் இல்லை. எனினும் அறஞ்சார்ந்த பெருஞ்செயலொன்று நிகழ்ந்துவிட்டது. சிமோன் வெய்லிடமிருந்து தாம் பெற்றுக்கொண்ட 'ஊன்றிய கவனம்' என்னும் கருத்தை மேடொக் இவ்வாறு விளக்கினார். நீதியும் அன்பும் இணைந்த நோக்கு அது. துப்பறிவாளர் தொழிலின் சாரமும் இதுவேயன்றிப் பிறிதன்று. முதலிற் தோன்றிய எண்ணத்தை ஐயுறுதலும், மீண்டும் நோக்குதலும், நோக்கியதன் வழியே தன் எண்ணத்தைத் திருத்துதலும் அத்தொழிலின் ஒழுங்குகளாகும்.

ஆயின் ஊன்றி நோக்குவதோடு சிக்கல் தீர்ந்துவிடுமா? நோக்கிய பின்னர் செய்யவேண்டிய செயல் யாது என்ற வினா எஞ்சி நிற்கின்றது. இவ்வினாவுக்கு ஸ்கண்டிநேவிய நாடகங்கள் இரண்டு, எதிரெதிரான இரு விடைகளை வழங்கியுள்ளன.

டென்மார்க்கும் சுவீடனும் இணைந்து 2011 முதல் 2018 வரை நான்கு பருவங்களாக வெளியிட்ட தொடர், 'பாலம்' என்னும் பொருள்படும் பெயருடையது. இரு நாடுகளையும் இணைக்கும் ஓரசுண்ட் பாலத்தின் நடுவே, எல்லைக்கோட்டின்மேல், உடலொன்று கிடத்தப்பட்டிருப்பதுடன் அது தொடங்குகின்றது. மல்மோ நகரத்துச் சாகா நொரேனும் கொப்பன்ஹேகன் நகரத்து மார்ட்டினும் இணைந்து விசாரிக்க நேர்கின்றது. மார்ட்டின் எவரிடத்தும் எளிதிற் பழகுபவன். சாகாவோ பிறர் மனவுணர்வை முகக்குறிப்பால் அறிய இடர்ப்படுபவள், விதியினின்று அணுவளவும் வழுவாதவள், பொய்யுரைக்க அறியாதவள். முதற் பருவத்தின் முடிவில் மார்ட்டினின் மகனைக் கொன்ற யென்ஸ் என்பவனை மார்ட்டின் சுட முனைகையில், மகன் உயிரோடிருக்கிறான் எனச் சாகா பொய் சொல்கிறாள். நட்பின் பொருட்டு அவள் அரிதிற் சொல்ல முயன்ற அப்பொய்யை அவள் முகமே காட்டிக்கொடுத்துவிடுகின்றது. இரண்டாம் பருவத்தின் முடிவிலே, சிறையிலிருந்த யென்ஸ் நஞ்சினால் இறக்கின்றான். அதனைச் செய்தவன் மார்ட்டினே என்ற முடிவுக்கு வரும் சாகா, தன் வாழ்வில் வாய்த்த அரிய நண்பனான அவனைச் சட்டத்தின் கையில் ஒப்படைக்கிறாள்.

இச்செயலை இரக்கமின்மை எனத் தள்ளிவிடுதல் எளிது. ஆயின் அவள் அச்செயலால் எய்தும் துயரம், அவள் இரக்கமற்றவளல்லள் என்பதைக் காட்டுகின்றது. மார்ட்டினின் துன்பத்தை அவள் முழுமையாக அறிவாள். அறிந்தும், வேண்டியவர்க்கு ஒரு நீதி வேண்டாதார்க்கு ஒரு நீதி என்ற நிலைக்கு இறங்க அவளால் இயலவில்லை. கண்ணோடாமை என்பதன் மெய்ப்பொருள் இதுவே. அன்பில்லாதவன் சாயாதிருத்தல் ஓர் அறமன்று. அவனுக்குச் சாய்தற்கு இடமில்லை. அன்புடையவர் சாயாதிருத்தலே அறமாகும்.

மற்றைய விடையைத் தருவது, 'குற்றம்' எனப் பொருள்படும் பெயருடன் சோரன் ஸ்வைஸ்ட்ரப் படைத்து, டென்மார்க் நாட்டில் 2007 முதல் 2012 வரை மூன்று பருவங்களாக வெளிவந்த நாடகம். சோஃபி கிறாபல் நடித்த சாரா லுண்ட் அதன் நாயகி. முதற் பருவம் நன்னா என்னும் மாணவியின் கொலையை இருபது பகுதிகளில், பகுதிக்கு ஒரு நாளாக ஆராய்கின்றது. கொலைக்கதைகள் வழக்கமாக உடலைக் கண்டெடுத்ததும் இறந்தவரின் வீட்டை மறந்துவிடும். இந்நாடகம் அவ்வாறன்றி, பெற்றோர் இருவரும் மகளில்லாத வீட்டிற் கழிக்கும் நாட்களைப் பொறுமையுடன் நோக்குகின்றது. முடிவிலே, கொலைஞனைக் கண்ட தந்தை துப்பாக்கியை நீட்டுகையில், வேண்டாமென அவனைத் தடுக்க முயல்பவள் லுண்ட். அவள் முயற்சி பலிக்கவில்லை. மூன்றாம் பருவத்தின் முடிவிலே காட்சி மாறுகின்றது. சிறுமியரைக் கொன்றவன் இவனே என ஐயமற அறிந்தும் சான்று இல்லாதநிலையில், அவன் தன் அருகே அமர்ந்து எவரும் தன்னை எதுவும் செய்ய இயலாதென்பதை உணர்த்தும்போது, லுண்ட் அவனைத் தானே சுட்டுக் கொல்கிறாள். பின்னர் நாட்டைவிட்டே ஓடுகிறாள்.

ஒருத்தி நட்பினும் விதியே பெரிதென்றாள். மற்றவள் விதியினும் இறந்தோர் பட்ட துன்பமே பெரிதென்றாள். இருவரும் பெண்கள். ஆகவே பெண்ணின் குரல் பரிவின் குரல் என்றோ, பெண் அதிகாரம் பெறின் நீதி மென்மையுறும் என்றோ கூறுதற்கு இங்கு இடமில்லை. அறத்தெரிவு பாலினாற் கிடைப்பதன்று. தெரிவோரே அதனைச் சுமக்க வேண்டும். லுண்டின் செயலைப் பார்வையாளர் பலர் உள்ளூர வரவேற்கக்கூடும். எனினும் முதற் பருவத்து லுண்ட், மூன்றாம் பருவத்து லுண்டுக்கு எதிரே நிற்கிறாள் என்பதை மறத்தலாகாது. துயருற்ற தந்தைக்கு மறுக்கப்பட வேண்டிய உரிமை, துயரைக் கண்ட அதிகாரிக்கு மாத்திரம் எங்ஙனம் உரியதாகும்? ஐயமற அறிந்தேன் என்ற உறுதி அவளுக்கு இருந்தது. அதே உறுதி ஷெபேட்டுக்கும் இருந்தது. அவன் உடலையே மாறி அடையாளங் கண்டவன்.

இந்நாடகங்கள் எழுப்பும் பிறிதொரு வினாவும் உண்டு. கவனம் எல்லையற்றதன்று. ஒருவர்க்கு வழங்கிய கவனம் இன்னொருவரிடமிருந்து எடுக்கப்பட்டதே. இறந்த மாணவிக்குத் தன்னை முற்றாக ஒப்புக்கொடுத்த லுண்டினால் உயிரோடிருக்கும் தன் மகனுக்குச் செவிசாய்க்க முடியவில்லை. ரெனிசனின் இல்லமும் குலைகின்றது. 2006 இல் வெளிவந்த இறுதி நாடகத்தில் அவள் குடிப்பழக்கத்தோடு போராடும் தனியளாக ஓய்வுபெறுகிறாள். குடும்பத்தைத் துறந்த பெண்ணுக்கு நாடகாசிரியர் வழங்கும் தண்டனை இது என்று சினப்போர் உளர். அச்சினத்தில் நியாயமுண்டு. 1987 முதல் 2000 வரை வெளிவந்த நாடகங்களில் மோர்ஸ் என்னும் ஆண் துப்பறிவாளனும் தனியனே, குடிப்பவனே. ஆனால் அவனது தனிமை அறிவாளியின் இயல்பாகக் காட்டப்பட்டது. பெண்ணின் தனிமையே கணக்குத் தீர்க்கவேண்டிய குறையாகக் காட்டப்படுகின்றது. எனினும் வினாவை இத்துடன் விட்டுவிடுதல் போதாது. பெண்ணிடம் மாத்திரம் கேட்கப்படுவதனால் அவ்வினா பொய்யாகிவிடாது. மோர்ஸிடமும் அதனைக் கேட்டிருக்க வேண்டும் என்பதே சரியான முடிபு. அந்நியர்க்கு நீதி செய்வோர் தம்மவர்க்கு எவ்வளவு கடமைப்பட்டவர் என்பது இருபாலார்க்கும் பொதுவான வினா.

இவ்வினாக்கள் அனைத்தும் வந்து கூடுமிடமாக, சலி வெயின்றைற் எழுதி 2014, 2016, 2023ஆம் ஆண்டுகளில் மூன்று பருவங்களாக பி.பி.சி.யில் ஒளிபரப்பாகிய 'ஹப்பி வாலி'யைக் கூறலாம். மேற்கு யோக்சயரிற் பணிபுரியும் கதரின் கேவுட், முன்னர் துப்பறியும் பிரிவில் இருந்து பின் சீருடைப் பணிக்கு மீண்ட சார்ஜன்ற். அவள் மகள் வன்புணர்வுக்காளாகி, மகவொன்றை ஈன்றபின் தற்கொலை செய்துகொண்டவள். அம்மகவாகிய றையனைக் கதரின் வளர்க்கிறாள். தந்தையின் கொடுமை பிள்ளையிடத்தும் ஒளிந்திருக்குமோ என்ற அச்சம் அவளை அலைக்கழிக்கின்றது. ஆயினும் சிறுவனை அவன் தந்தையின் மகனாக அன்றி, றையனாகவே காண அவள் நாள்தோறும் முயல்கிறாள். மேடொக் கூறிய மாமியாரின் நோக்கு இதுவே. முதற் பருவத்தின் முடிவில், சிறுவனைப் பெற்ற கயவனை வெறிகொண்டு தாக்கிய கதரின், இறுதிப் பருவத்தில் அவன் தன் வீட்டுச் சமையலறையிலேயே எதிர்ப்படும்போது அவனைக் கொல்லவில்லை. பழிவாங்க அவளுக்கிருந்த நியாயம் லுண்டுக்கிருந்ததினும் பெரிது. இரங்க அவளுக்குக் காரணமேதும் இல்லை. எனினும் அவள் தன் அலுவலைக் கைவிடாது நிற்கிறாள். அவன் கொடுமை சிறிதும் குறைத்து மதிக்கப்படவுமில்லை. பிள்ளையின் வாழ்வு அக்கொடுமைக்குப் பலியாக்கப்படவுமில்லை.

கண்ணோட்டம் அதிகாரத்தில் வள்ளுவர், தம் கடமை கெடாவண்ணம் கண்ணோட வல்லவர்க்கே உலகம் உரித்தாகும் என்ற பொருள்பட ஓரிடத்துக் கூறுவார். 'கடமைக்காகக் கண்ணோட்டத்தைக் கைவிடுக' என்றோ, 'கண்ணோட்டத்துக்காகக் கடமையைத் தளர்த்துக' என்றோ அவர் கூறவில்லை. இரண்டையும் ஒருங்கே ஆற்றும் வன்மையையே வேண்டினார். அது கைகூடற்கரியது என்பதனாலேயே 'வல்லவர்' எனக் குறித்தார் போலும். ஒற்லியிடம் கண்ணோட்டம் இருந்தது, கடமை கெட்டது. ஷெபேட்டிடம் கண்ணோட்டமும் இல்லை. அதனால் கடமையும் கெட்டது. சாகா கடமையைக் காத்து நண்பனை இழந்தாள். லுண்ட் இறந்தோர்க்கு இரங்கித் தன் பணியையும் நாட்டையும் இழந்தாள். கதரின் மாத்திரம், அதுவும் முதலில் வழுவிய பின்னரே, இரண்டையும் ஒரு கணம் ஒன்றாக ஏந்தி நிற்கிறாள்.

இவ்வாறு நோக்குமிடத்து, பெண்ணொருத்தியைத் துப்பறிவாளராக்கிய நாடகங்களின் பயன், பெண்ணாலும் அப்பணி இயலும் என நிறுவியதோடு முடிவதன்று. அதனை நிறுவவேண்டிய நிலையிருந்ததே சமுதாயத்துக்கு இழுக்கு. இரக்கத்தை ஒரு பாலார்க்கும் நடுவுநிலையை மற்றொரு பாலார்க்கும் பகிர்ந்தளித்ததனால் இரு பண்புகளும் ஊனமுற்றன என்பதை அவை உணர்த்தியமையே பெரும்பயன். நோக்கப்படாத பெண்ணின் உடலுக்குத் தவறான பெயர் சூட்டப்பட்டமைக்கு அப்பங்கீடே காரணம். நண்பனுக்காக உண்மையை மறைத்தவன் தன்னை நேர்மையாளன் என்றே எண்ணியிருந்தமைக்கும் அதுவே காரணம். நாளை நீதிமன்றிலும் மருத்துவமனையிலும் அலுவலகத்திலும் வகுப்பறையிலும் பிறர் வாழ்வைத் தீர்மானிக்கும் இருக்கைகளில் அமரவிருப்போர், ஆணாயினும் பெண்ணாயினும், எதிரே நிற்பவரை முதலில் ஊன்றி நோக்கவும், நோக்கிய பின் சாயாதிருக்கவும் கடமைப்பட்டவராவர். கண்கட்டப்பட்ட தேவதையின் உருவத்தில் இவ்விரண்டில் ஒன்றே உண்டு.